மாலக்கி ஃபாலன் வீட்டு வாசல்

“இந்த ரோட்டுல எங்க நிக்கிறது?”

மோட்டார்வே என்ற புது அதிவேகச் சாலையின் திறப்பு விழாவில், கையில் காகிதக் கொடியோடு முன்வரிசையில் நிறுத்தப்பட்டிருந்த ஒரு சிறுமி அமைச்சரைப் பார்த்து இப்படிக் கேட்டாள். தபால் வண்டி ஓட்டும் ஊனாவின் மகள் அவள். மழை பெய்துகொண்டிருந்தது. ஒரு கையில் கத்தரிக்கோலும் மறு கையில் ரிப்பன் துண்டுமாக நின்றிருந்த அமைச்சர் குனிந்து, “எங்கேயுமே நிக்க வேண்டாம் கண்ணு, அதுதான் இந்த ரோட்டோட அழகே” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். சிறுமி மட்டும் தட்டவில்லை. தான் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அமைச்சருக்குக் குடை பிடித்தவர் எங்கள் கவுன்சிலர் லோர்கன் டைனன். குடை முழுவதையும் அமைச்சருக்கே கொடுத்துவிட்டுத் தான் நனைந்தார். அந்தப் புகைப்படத்தைச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டியிருக்கிறார். படத்தில் அமைச்சரின் முகம் குடைக்குள் மறைந்துவிட்டது. டைனனின் முகம் மட்டும் சொட்டச் சொட்டத் தெளிவாகத் தெரியும்.

பழைய சாலை ஒன்றும் புனிதமானதல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். டப்ளினிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போகும் லாரிகள் எல்லாம் எங்கள் கில்லாவன் ஊரின் நடுத்தெரு வழியாகத்தான் போயின. ஞாயிறு பூசைக்குப் போகிறவர்கள் சாலையைக் கடப்பதற்கு முன் ஒரு சிலுவை அடையாளம் போடுவார்கள், கடந்த பின் ஒன்று. ஊருக்குக் கிழக்கே இருந்த வளைவில் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு தாய் பூங்கொத்து கட்டிவிட்டுப் போவாள். மோட்டார்வே வந்த பிறகு அங்கே புதுப் பூங்கொத்து எதுவும் இல்லை. அதற்காக ஆண்டவருக்கும், மனம் வராவிட்டாலும் டைனனுக்கும், நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் மனிதர்களைத் திருப்திப்படுத்துவது கடினம். லாரிச் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று வாழ்நாள் முழுக்கப் புலம்பியவர்கள், சத்தம் இல்லாததால் தூங்க முடியவில்லை என்று புலம்பத் தொடங்கினார்கள். வழிப்போக்கர்களுக்குத் தேநீரும் பன்றிக்கறி சாண்ட்விச்சும் விற்ற கடைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. பெட்ரோல் பங்கின் கூரையில் குருவிகள் கூடு கட்டின. டைனன் போகும் இடமெல்லாம், இந்தச் சாலையால் நாட்டுக்குப் பயணம் ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் மிச்சம் என்று பேசினார். மிச்சமான நிமிடங்களை யாரும் கில்லாவனுக்குக் கொண்டுவந்து இறக்கவில்லை. வரைபடத்தில் எங்கள் ஊருக்கு என்று ஓர் இறங்குவழி இருந்தது. பணம் போதவில்லை என்று அதை வெட்டினார்கள். ஊரின் அமைதி காக்கப்பட்டுவிட்டது என்று டைனன் அதையும் வரவேற்றார். ஆகையால் இன்றைக்கும் நாங்கள் கிழக்கே போய் மோட்டார்வேயில் ஏறலாம். ஏறினால் இறங்குவது மலைக்கு அந்தப் பக்கம்தான்.

அந்த மோட்டார்வேக்கு அடியில்தான் மாலக்கி ஃபாலனின் வீடு இருந்தது.

சாலைக்கு அளவெடுத்த பொறியாளர்கள் எங்கள் பக்கத்தில் இரண்டு கோடுகள் போட்டிருந்தார்கள். சிவப்புக் கோடு டிம்ப்னா ஹெனகனின் வீட்டு வழியாகப் போயிற்று. நீலக் கோடு, இரண்டு வயல் தள்ளி இருந்த மாலக்கியின் வீட்டு வழியாகப் போயிற்று. அப்போது டிம்ப்னாவின் கணவர் பார்ட்லி பக்கவாதத்தில் படுத்திருந்தார். பேச்சு போய்விட்டது. கட்டிலை ஜன்னலோரம் போட்டு, தன் மாடுகள் மேய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவருக்கு மிஞ்சிய வாழ்க்கை. அந்தக் கட்டிலை வேறெங்கே தூக்கிக்கொண்டு போவது என்று டிம்ப்னா யாரிடமும் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இல்லை.

கருத்துக்கேட்புக் கூட்டம் ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. மாலக்கி கல்யாணமாகாதவர். பூசையில்கூட வாய்க்குள்ளேயே பாடுகிறவர். அன்று அவர் எழுந்து நின்றார்.

“நீலக் கோட்டையே போடுங்க. என் வீடு ஈரம் ஏறிக் கெடக்கு. ஆள் வச்சு இடிக்கணும்னு இருந்தேன். நீங்களே சும்மா இடிச்சுத் தர்றதுன்னா எனக்கென்ன?”

மண்டபம் சிரித்தது. நல்ல இழப்பீடு வாங்கிக்கொண்டான் கிழவன் என்று ஊர் பேசியது. அந்த வீடு எங்கள் கோயில் பங்கிலேயே ஈரம் ஏறாத வீடு என்பது டிம்ப்னாவுக்குத் தெரியும். அங்கே சுவரில் மாட்டிய நாட்காட்டி வருடக் கடைசியிலும் நெளியாது. ஆனால் மண்டபத்தில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. மாலக்கி பக்கத்து ஊரில் கவுன்சில் கட்டிக் கொடுத்த சின்ன வீட்டுக்குப் போனார். ஜன்னலைத் திறந்தால் அங்கே குப்பைத் தொட்டி தெரியும். பார்ட்லி தன் கட்டிலிலேயே, தன் ஜன்னலோரத்திலேயே, சில வருடங்கள் கழித்து அமைதியாகக் கண்ணை மூடினார்.

இந்த மார்ச் மாதம் மாலக்கியின் முறை வந்தது. ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தது டிம்ப்னாதான். அவருக்கு வேறு யாரும் இல்லை. கடைசியாக அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“சவ வண்டி என் வாசல்ல ஒரு நிமிஷம் நிக்கணும்.”

“உங்க வாசல் மோட்டார்வேக்குக் கீழ இருக்கு, மாலக்கி.”

“அது எனக்குத் தெரியாதா? நீ சரின்னு சொல்லு.”

அவள் சரி என்றாள்.

எங்கள் பக்கத்தில் கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியில் இறந்தவரின் வீட்டு வாசலில் சவ வண்டி நிற்காமல் போனதே கிடையாது. வீட்டைக் குடித்தே தீர்த்த ஒருவருக்கு, அவர் குடித்த மதுக்கடை வாசலில் நிறுத்தினோம். யாரும் வாசலில்லாமல் போகக் கூடாது. மாலக்கி மட்டும் நிற்காமல் போனால், அதற்குக் காரணம் தன் வீடு நிற்பதுதான் என்று டிம்ப்னா வாழ்நாள் முழுதும் நினைத்துக்கொண்டிருப்பாள். அவள் அப்படிப்பட்ட பெண்.

உடலை டிம்ப்னாவின் வீட்டுக்கே கொண்டுவந்து வரவேற்பறையில் வைத்தார்கள். ஊர் வந்தது. கெட்டில் அடுப்பிலிருந்து இறங்கவே இல்லை. சாண்ட்விச் தட்டு பெட்டியின் தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என்று சுற்றிக்கொண்டிருந்தது. மாலக்கியின் விரல்களில் செபமாலையைச் சுற்றி, கழுத்துப்பட்டையை நேராக்கிக்கொண்டிருந்தவர் ஃபின்டன் கில்ஹூலி. அடக்கத்துக்கான ஏற்பாடுகள் எல்லாம் அவர் குடும்பத் தொழில். அண்மையில் அவர் மின்சாரத்தில் ஓடும் சவ வண்டி ஒன்று வாங்கியிருந்தார். சத்தம் இல்லை, புகை இல்லை, பழுதே ஆகாது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களைப் பார்க்கப் போனபோதும் சொன்னார். அவர்களும் மரியாதைக்கு நல்ல வண்டி என்றார்கள்.

டைனன் வந்தார். எங்கள் தொகுதியில் அவர் வராத சாவு கிடையாது. வரிசையாக எல்லோருடைய கையையும் இரண்டு கைகளால் பிடித்து, “உங்க துக்கத்துல நானும் பங்கெடுத்துக்கறேன்” என்று சொல்லிக்கொண்டே போனார். வரிசையின் கடைசியில், அடுப்பறையில் வெந்நீர்க் கொதிகலனைப் பழுது பார்க்க வந்த ஆள் நின்றிருந்தான். அவன் கையையும் பிடித்து அதையே சொன்னார்.

“ஒண்ணும் கவலப்படாதீங்க சார்” என்றான் அவன். “புது பம்ப் போட்டா சரியாயிடும்.”

பேச்சு வாசல் விஷயத்துக்கு வந்தது. டிம்ப்னா தான் கொடுத்த வாக்கைச் சொன்னாள். டைனன் கண்ணை மூடித் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, “என்கிட்ட விட்டுடுங்க” என்றார். பஸ் நிறுத்தக் கூரையை அவரிடம் விட்டிருந்தோம். பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றுவதையும் விட்டிருந்தோம். எல்லாம் இன்னும் அவரிடம் பத்திரமாக இருக்கின்றன.

ஆனால் இம்முறை அவர் உடனே ஒரு திட்டம் சொன்னார். மோட்டார்வேக்கு மேலே ஒரு பாலம் போகிறதல்லவா? ஊர்வலம் பாலத்தில் நிற்கும். அங்கிருந்து மாலக்கியின் வாசல் இருந்த இடம் நன்றாகத் தெரியும். தான் இரண்டு வார்த்தை பேசுவதாகவும் சொன்னார். உள்ளூர் வானொலியிலிருந்து வருவார்கள்.

“பாலத்து மேலேர்ந்து எட்டிப் பாக்க அவர் என்ன டூரிஸ்டா?” என்றாள் டிம்ப்னா. “வாசல்ல நிக்கணும்னார். சரின்னேன்.”

உணர்ச்சி தனக்குப் புரிகிறது என்றும், பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறது என்றும் டைனன் விளக்கினார். அவர் விளக்கி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு எங்கள் பங்குத்தந்தை கான்லத் வாயைத் திறந்தார். கூச்ச சுபாவம் உள்ளவர். பிரசங்கத்தில்கூட மன்னிப்புக் கேட்பதுபோல் பேசுவார். காலையில் அவரே சாலை அலுவலகத்துக்கு ஃபோன் செய்து கேட்டிருக்கிறார்.

“ரொம்ப மரியாதையான பொண்ணு. அடக்கத்துக்கெல்லாம் நிறுத்த முடியாது ஃபாதர், அவசரம்னா மட்டும்தான்னு சொல்லிச்சு. இறந்தவருக்கு என்ன அவசரம்னு நானும் விட்டுட்டேன்” என்றவர், கோப்பையைப் பார்த்துக்கொண்டே முடித்தார். “வண்டி பழுதாயிட்டா மட்டும் ஓரமா நிக்கலாமாம்.”

ஊனா தன் தேநீரைப் பார்த்தாள். மூடிப்போன பெட்ரோல் பங்கின் சொந்தக்காரர் ஹோகன் கூரையைப் பார்த்தார். ஃபின்டன் மாலக்கியின் கழுத்துப்பட்டையை இன்னொரு முறை நேராக்கினார். டைனன் மட்டும், அப்படியானால் பாலம்தான் என்று மேசையைத் தட்டினார். பெட்டி இருந்த மேசை அது. பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

பூசை முடிந்து பெட்டியை ஏற்றினார்கள். எங்கள் ஊரில் சவத்தைக் குறுக்கு வழியில் கொண்டுபோவது மரியாதை இல்லை. சுற்றிப் போவதுதான் முறை. ஆகையால் கிழக்கே போய் மோட்டார்வேயில் ஏறி, மலைக்கு அப்பால் இறங்கி, பழைய சாலையில் திரும்பிப் பாலத்துக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் வருவது என்று ஃபின்டன் சொன்னபோது எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தன் சாலையில் சவ ஊர்வலமே போகிறது என்பதில் டைனனுக்கு மகிழ்ச்சிதான். ஊர்வலத்துக்கு முன்னால் வழிகாட்டி வண்டி ஒன்று வேண்டும் என்று அவரே முடிவு செய்து, தன் புது காரில் கறுப்பு நாடா கட்டிக்கொண்டு முன்னால் போனார். வானொலிக்காரர்களோடு காரிலிருந்தே பேசிக்கொண்டு போக ஏற்பாடு.

மாலக்கிக்கு உறவு இல்லாததால் சவ வண்டியின் முன் இருக்கையில், ஃபின்டனுக்குப் பக்கத்தில், டிம்ப்னா உட்கார்ந்தாள். அவளுக்கும் ஒரு திட்டம் இருந்தது. அந்த இடம் வந்ததும் வாந்தி வருகிறது என்று சொல்லிவிடுவது. வாந்தியை விட அவசரம் எது? முந்தின இரவு முழுக்க அதற்காகச் செபித்திருந்தாள். பொய்க்காகச் செபிக்கலாமா என்று நடுநடுவே அதற்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

மோட்டார்வேயில் ஏறினார்கள். லாரிகள் இரைச்சலோடு தாண்டிப் போயின. தூரத்தில் எங்கள் கோயில் கோபுரம் தெரிந்தது. மாலக்கியின் வாசலில் நின்றால் அந்தக் கோபுரம் சரியாக ஹோகன் வீட்டுப் புகைபோக்கிக்கு மேல் வந்து உட்காரும். கோபுரம் நகர்ந்து நகர்ந்து புகைபோக்கியை நெருங்கியது. டிம்ப்னா கைக்குட்டையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

“வண்டி ஏதோ சத்தம் போடுது” என்றார் ஃபின்டன்.

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே.”

“அதான் சொல்றேன். ரொம்ப சும்மா இருக்கு. இப்படி இருக்கக் கூடாது.”

சொல்லிக்கொண்டே விளக்குகளைக் கண் சிமிட்டவிட்டு, வண்டியை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார். பழுதே ஆகாத வண்டி என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்த மனிதர், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு இறங்கி, முன்மூடியைத் திறந்தார். பெரிய தியாகங்களைப் பற்றிக் கோயிலில் நிறையக் கேட்டிருக்கிறோம். ஒருவன் தன் பெருமையைச் சாலையோரத்தில் ஊர் பார்க்க இறக்கி வைப்பதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

அடுத்து ஃபாதரின் பழைய கார் இரண்டு குலுக்கல் குலுக்கி நின்றது. அவர் பொய் சொல்ல மாட்டார். அதனால் சில நாளாகப் பெட்ரோலே போடாமல், எரிபொருள் தீர்ந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கைத் திரு இருதயப் படத்துக்கு முன் எரியும் விளக்கைப் போலப் பார்த்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார். நின்றது அவருடைய வேலையல்ல, பெட்ரோலுடையது. அவருக்குப் பின்னால் ஊனாவின் தபால் வண்டி ஒரு சக்கரத்தில் காற்றில்லாமல் தத்தித் தத்தி வந்து சேர்ந்தது. பின்னால் ஹோகன். அவர் பின்னால் இன்னும் நாலைந்து பேர். ஒருவர் மற்றவரிடம் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் இந்தப் பாவத்தைச் செய்யப்போவதாக நினைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். முன்மூடிகள் வரிசையாகத் திறந்தன. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சாவு வீட்டு ஊர்வலம் அல்லவா.

முன்னால் போன ஒரே ஒரு வண்டி மட்டும் நல்ல நிலையில் இருந்தது. டைனன் பின்னால் பார்க்கவில்லை. பின்னால் பார்ப்பது அவருக்குப் பழக்கமும் இல்லை. கில்லாவன் மக்கள் தன் தலைமையில் எவ்வளவு கட்டுப்பாடாக வருகிறார்கள் என்று வானொலியில் விவரித்துக்கொண்டே போனார். பேச்சு சுவாரஸ்யத்தில் மலைக்கு அப்பால் இறங்குவழியையும் விட்டுவிட்டார். கடைசியில் சுங்கச் சாவடியில்தான் நின்றார். சவ ஊர்வலத்துக்குக் கட்டணம் உண்டா என்று அவர் கேட்டதும், உள்ளே இருந்த பெண் தலையை நீட்டிப் பின்னால் பார்த்தாளாம்.

“பாடி எங்க சார்?”

அந்த உரையாடல் வானொலியில் நேரடியாகப் போனது. அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாக ஓர் அடக்கத்தைத் தவறவிட்டார்.

ஓரத்தில் நின்றவர்களுக்கு உடனே ஒரு சண்டை வந்தது. வாசல் எந்த இடம்? ஹோகன் இன்னும் கொஞ்சம் முன்னால் என்றார். நிற்கிற இடம் மாட்டுத் தொழுவம் என்று அவர் கட்சி. இதே இடம்தான், தினமும் தபால் கொண்டுவந்து கொடுத்தவளுக்குத் தெரியாதா என்றாள் ஊனா. தபாலே வராத மனிதருக்கு என்ன தபால் கொண்டுவந்தாய் என்றார் ஹோகன். மின்கட்டணம், என்றாள் அவள். ஃபின்டன் கோபுரத்தைப் பார்த்து, புகைபோக்கியைப் பார்த்து, வண்டியைக் கையால் தள்ளச் சொன்னார். எல்லோரும் சேர்ந்து ஓர் ஆள் நீளம் தள்ளினார்கள். பிறகு தகராறு நின்றது.

நீல விளக்கோடு போலீஸ் வண்டி வந்தது. இறங்கியவர் இளம் வயதுக்காரர். தெற்கே கெர்ரி பக்கத்து ஆள். வரிசையை முதலிலிருந்து கடைசிவரை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“எல்லா வண்டியும் ஒரே நேரத்துல கெட்டுப்போச்சா?”

“ஈரம்” என்றார் ஹோகன்.

“இது கரண்ட் வண்டியாச்சே?”

“அதுக்கும் ஈரம் ஆகாது” என்றார் ஃபின்டன், அடக்கச் செலவு பேசும்போது வரும் தணிந்த குரலில்.

பொய் பாவம்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அன்று அந்தச் சாலையோரத்துப் பொய்களை எடை போட்ட வானதூதர் தராசைச் சற்றுத் தளர்த்தித்தான் பிடித்திருப்பார் என்று நம்புகிறேன்.

போலீஸ்காரர் பெட்டியைப் பார்த்தார். யார் உள்ளே என்று கேட்டார். மாலக்கி ஃபாலன் என்றார்கள். எந்த ஊர் என்று கேட்டார்.

“நீங்க நிக்கறது அவரோட சமையலறை தம்பி” என்றாள் டிம்ப்னா.

அவர் கீழே பார்த்தார். தார், மஞ்சள் கோடு, ஒரு பழைய குளிர்பான டப்பா. ஓரடி பின்னால் நகர்ந்து நின்று, தொப்பியைக் கழற்றினார். கெர்ரியிலும் சவ வண்டி வாசலில் நிற்கும்போல. குனிந்து அந்த டப்பாவை எடுத்துத் தன் வண்டிக்குள் போட்டார்.

“சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?”

“பத்து மணி” என்றார் ஃபாதர்.

“பத்து மணி நேரமா?”

“இல்ல இல்ல. செபமாலையில பத்து மணி.”

அவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு, மேலே கம்பத்தில் கேமரா இருக்கிறது என்றும், அதில் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது பழுது பார்க்கிற மாதிரிதான் தெரிய வேண்டும் என்றும் சொன்னார். “எல்லாரும் தலைய உள்ள விட்டுக்கோங்க. ஒருத்தரும் வெளிய எடுக்கக் கூடாது.” தன் வண்டியைக் கடைசியில் குறுக்காக நிறுத்தி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வருகிற லாரிகளை நோக்கிக் கையை உயர்த்தி நின்றார்.

ஃபாதர் தன் காரின் முன்மூடிக்கு அடியில் தலையை விட்டபடி தொடங்கினார். அருள்நிறை மரியே வாழ்க. மற்ற மூடிகளுக்கு அடியிலிருந்து பதில் வந்தது. என்ஜின்களுக்குள் பாதி போய்விட்ட குரல்கள். மின்சார வண்டியின் முன்மூடிக்கு அடியில் என்ஜினே கிடையாது. ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் இரண்டு குடைகளும்தான் இருந்தன. ஃபின்டன் அந்தக் குடைகளையே பக்தியோடு உற்றுப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

டிம்ப்னாவுக்கு மட்டும் தலையை விட வண்டி இல்லை. அவள் சவ வண்டியின் பின்பக்கம் போனாள். சாலையில் லாரிகள் காற்றை அறைந்துகொண்டு போயின. பின்கதவைத் திறந்தாள். பெட்டியின் கால்மாடு அவள் கைக்கு எட்டியது.

இத்தனை வருடத்தில் அவள் அதைச் சொல்ல எத்தனையோ முறை முயன்றிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அழைத்தால் வருவார். அவள் தட்டை வைத்துவிட்டு, மாலக்கி, அந்த விஷயம், என்று தொடங்கினால் போதும், உருளைக்கிழங்கு இந்த வருடம் நன்றாக வெந்திருக்கிறதே என்பார். எழுந்து போய் அவள் வீட்டுக் கூரைத் தண்ணீர்க் குழாயில் அடைத்த இலைகளை எடுப்பார். பார்ட்லியின் அடக்கத்தன்றுகூட அவள் கையைப் பிடித்தவர், அவள் வாயைத் திறப்பதற்குள் வரிசையில் நகர்ந்துவிட்டார். நன்றி வாங்கிக்கொள்ளத் தெரியாத மனிதர்களும் உலகில் உண்டு. அவர்களுக்குக் கொடுக்க வேண்டியது நம் கையிலேயே கிடந்து கனக்கும்.

அவள் பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

“வீடு வந்தாச்சு, மாலக்கி” என்றாள். “இப்ப நீங்க எங்கயும் எழுந்து போக முடியாது. கேளுங்க. அவர் கடைசி நாள் காலைலகூட மாடுகள எண்ணினார். விரல மடக்கி மடக்கி எண்ணினார். ஒண்ணு குறையுதுன்னு சைகை காட்டினார். அது வேலி ஓரமா படுத்திருந்தது. நான் காட்டினேன். சிரிச்சார். அந்தச் சிரிப்பு நீங்க குடுத்தது. நன்றி.”

முன்மூடிகளுக்கு அடியிலிருந்து, இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும், என்று குரல்கள் எழுந்து லாரிச் சத்தத்தில் அமுங்கின. யாரும் தலையை வெளியே எடுக்கவில்லை. போலீஸ்காரர் திரும்பவில்லை. டிம்ப்னா இன்னும் கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் நின்றாள். பிறகு பின்கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள்.